ரோமச் சிப்பாய்க்கு உப்பா கொடுத்தார்கள்?

பதினொரு ஆண்டுகளில் 8,612 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பச்சை மையில் ஒரு டிக், அதன் கீழே குட்டியாக ஒரு கையெழுத்து. அவற்றில் பிழையாகிப்போனவை மூன்றுதான்: ஓர் ஏரியின் ஆழம், ஒரு விமானம் முதலில் பறந்த கிழமை, தேனீயின் கண்கள். தேனீக்குக் கண் ஐந்து. இரண்டு என்று இருந்த அட்டைக்கு டிக் விழுந்துவிட்டது. அதைச் சுட்டிக்காட்டி இருபத்திரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று தேன் வியாபாரி எழுதியது, கூடவே ஒரு பாட்டில் தேன்.

தொலைக்காட்சி நிலையத்தின் மூன்றாவது மாடியில் அவரை எல்லோரும் டிக் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வயது ஐம்பத்திரண்டு. ஞாயிறு மாலை ஒளிபரப்பாகும் வினாடி வினா நிகழ்ச்சிக்குக் கேள்விகளைச் சரிபார்ப்பது அவருடைய வேலை. கேள்வியை இன்னொருவர் அட்டையில் எழுதித் தருவார். அக்கா அதை இரண்டு புத்தகங்களில் தேடிப் பார்ப்பார். இரண்டும் ஒன்றையே சொன்னால் அட்டையின் பின்பக்கம் அந்தப் புத்தகங்களையும் பக்க எண்களையும் குறித்துவிட்டு, முன்பக்கம் டிக் போடுவார். ஒரே ஒரு புத்தகத்தில்தான் இருக்கிறது என்றால் அட்டை திரும்பிப் போய்விடும். அவர் வருவதற்கு முன்பிருந்தே இருக்கும் விதி இது. ஆனால் அவர் வந்த பிறகுதான் அது கடைப்பிடிக்கப்பட்டது.

சரிபார்க்கும் வேலை அவருக்குப் பத்தொன்பது வயதில் தொற்றிக்கொண்டது. டெலிபோன் டைரக்டரி அச்சிடும் அலுவலகத்தில் மேசைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. ஒருத்தி எண்ணைப் படிப்பாள், மற்றவள் அச்சுத்தாளில் விரலை வைத்துப் பார்ப்பாள். முதல் தடவை மேலிருந்து கீழே, அடுத்த தடவை கீழிருந்து மேலே. மேலிருந்து படித்தால் கண் முன்கூட்டியே ஊகித்துக்கொண்டு ஓடும். கீழிருந்து படித்தால் அதற்கு ஓட வழியில்லை, ஒவ்வொரு எண்ணையும் பார்த்தே ஆகவேண்டும். அந்தப் பழக்கம் வேலையோடு நிற்கவில்லை. தன் கல்யாணப் பத்திரிகையில் தேதியும் கிழமையும் ஒட்டவில்லை என்று கண்டுபிடித்தவரே மணப்பெண்தான். நானூறு பத்திரிகையும் திரும்ப அச்சுக்குப் போயிற்று. மாப்பிள்ளை வீட்டில் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரித்தார். லிஃப்ட் மெக்கானிக் அவர். சரிபார்க்கிற பெண் வீட்டுக்கு வருவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை.

டைரக்டரிக்குப் பிறகு மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத்தாள்களைச் சரிபார்க்கிற வேலை, பன்னிரண்டு வருடம். அங்கே ஒரு புள்ளி இடம் மாறினால் ஆள் போய்விடலாம். வினாடி வினாவில் அப்படி எதுவும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தார்.

கடிதம் வந்தது ஒரு திங்கட்கிழமை.

முந்தைய நாள் மூன்றாவது அரையிறுதி ஒளிபரப்பாகியிருந்தது. கடைசியில் இரண்டு பேர் சமநிலையில் நின்றார்கள். ஒருவர் பள்ளி டீச்சர், இன்னொருவர் பதினான்காம் எண் பேருந்து ஓட்டும் டிரைவர். சமநிலையை உடைக்க ஒரு கேள்வி. "பழைய ரோமப் படையில் சிப்பாய்களுக்குச் சம்பளமாகக் கொடுக்கப்பட்ட பொருள் எது? துப்பு: சாலரி என்ற ஆங்கிலச் சொல் அதிலிருந்து பிறந்தது." டிரைவர் முதலில் பொத்தானை அழுத்தினார். "நாணயம்" என்றார். தவறு என்று மணி அடித்தது. டீச்சர் "உப்பு" என்றார். கைதட்டல், இசை, வண்ணத் தாள் மழை. டிரைவர் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தார். கேமரா டீச்சர் பக்கம் திரும்பிவிட்டது.

இப்போது அதே டிரைவரின் கடிதம், காலையிலேயே வாசலில் நேரில் கொடுத்துவிட்டுப் போனது. நாலே வரி. பரிசு வேண்டாம், பதில் போதும் என்று எழுதியிருந்தார். "ரோமச் சிப்பாய்க்கு உப்பைச் சம்பளமாகக் கொடுத்ததற்கு ஆதாரம் எது? நான் படித்த புத்தகத்தில் இல்லை. எங்கே இருக்கிறது என்று சொன்னால் படித்துத் திருந்திக்கொள்வேன்."

திருந்திக்கொள்வேன் என்ற சொல் அக்காவை என்னவோ செய்தது.

கேள்வி எழுதுபவரை அலுவலகத்தில் கொக்கி என்பார்கள். கேள்விக்குறியோடுதான் குடும்பம் நடத்துகிறவர் என்பதால் வந்த பெயர். அவர் கடிதத்தை நின்றுகொண்டே படித்தார்.

"தோத்தவங்க எல்லாரும் எழுதுவாங்கக்கா. போன வாரம் ஒருத்தர் சந்திரனே இல்லன்னு எழுதினார்."

"இவர் இல்லன்னு சொல்லலையே. எங்க இருக்குன்னு கேக்கறார்."

"ரெண்டு புக்குல இருக்கு. நீங்கதான் டிக் போட்டீங்க. சொல்லி அனுப்பிடுங்க, முடிஞ்சுது."

அட்டையின் பின்பக்கம் அவர் கையெழுத்திலேயே இருந்தது: மஞ்சள் அட்டை, பக்கம் 88, நீல அட்டை, பக்கம் 141. இரண்டும் பொது அறிவுத் தொகுப்புகள். அதிகம் புரட்டப்படுவதால் பெயரை விட்டு நிறத்தால் அழைக்கப்படுபவை.

அந்த அட்டைக்கு டிக் போட்ட நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அதிக நேரம் ஆகவில்லை. கேள்வியைப் பார்த்ததுமே அட என்று தோன்றியது. நம்முடைய சம்பளம் என்ற சொல்லிலேயே சம்பா நெல்லும் அளம் என்ற உப்பும் இருக்கிறது என்று பள்ளியில் தமிழாசிரியர் சொன்னது காதில் கேட்டது. நமக்கு உப்பு என்றால் ரோமுக்கும் உப்பு. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? தெரிந்த முகமாயிற்றே என்று அடையாள அட்டை கேட்காமல் உள்ளே விடும் காவலாளியைப் போல, இரண்டு பக்கங்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்திருந்தார்.

இப்போது இரண்டு புத்தகங்களையும் பக்கம் பக்கமாக விரித்துவைத்து, பழைய பழக்கப்படி கீழிருந்து படித்தார். மஞ்சளின் கடைசி வரி: "ஆகவே மாதச் சம்பளம் வாங்கும் ஒவ்வொருவரும் உப்பை நினைக்க வேண்டும்." நீலத்தின் கடைசி வரியும் அதுவே. அதற்கு மேலே உள்ள வரி: "நாள்தோறும் காலையில் ஒரு கைப்பிடி." இதிலும் நாள்தோறும் காலையில் ஒரு கைப்பிடி. அடுத்த குறிப்பு இரண்டிலும் 'கேண்டிடேட்' என்ற சொல்லைப் பற்றியது. அதற்கடுத்தது இரண்டிலும் தக்காளி.

அக்கா நீலத்தின் முன்னுரையைத் திருப்பினார். பதினொரு வருடத்தில் முதல்முறையாக அதைப் படிக்கிறார். "இத்தொகுப்பில் பல செய்திகளை எடுத்தாள அனுமதித்த நண்பருக்கு நன்றி" என்று இருந்தது. நண்பர் மஞ்சளின் ஆசிரியர்.

"கொக்கி, இங்க வாங்க."

கொக்கி வந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"சரி, அம்மா மக மாதிரி. அதுக்கென்ன?"

"ரெண்டு சாட்சின்னு நெனச்சேன். ஒரே வீட்டு ஆளுங்க. அம்மா சொன்னதை மக ஒப்பிக்கறா."

"அம்மா பொய் சொல்றாங்கன்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. அம்மாவை யாரும் கேக்கவே இல்லன்னுதான் சொல்றேன்."

நிகழ்ச்சியின் விதி ஏட்டில் ஒன்பதாவது விதி இதற்கானது. கேள்வியோ விடையோ பிழை என்று நிரூபணமானால் பாதிக்கப்பட்ட போட்டியாளரை அடுத்த சுற்றில் சேர்க்கவேண்டும். ஆனால் அடுத்த சுற்றின் ஒளிப்பதிவு தொடங்குவதற்கு முன் நிரூபணமாக வேண்டும். கேள்வி எழுதியவர், சரிபார்த்தவர், தயாரிப்பாளர் மூவரும் பிழை ஏட்டில் கையெழுத்திட வேண்டும். இறுதிச் சுற்றின் ஒளிப்பதிவு வெள்ளிக்கிழமை காலை. அதற்குப் பிறகு உப்பு உண்மையானால் என்ன, பொய்யானால் என்ன, டிரைவர் தோற்றவர்தான்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னார். மருந்தியல் படிக்கும் மகள் போனைப் பார்த்தபடியே, "ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போன சிப்பாய்க்கு எதுக்கும்மா இப்ப சம்பள பட்டுவாடா?" என்றாள்.

"சிப்பாய்க்கு இல்லடி. டிரைவருக்கு."

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்றார் கணவர்.

"கான்ட்ராக்ட் இந்த மாசம்தான் புதுப்பிக்கணும்."

"அப்ப யோசிச்சுப் பண்ணு."

"நீங்க ஒரு லிஃப்டுக்கு சரின்னு கையெழுத்துப் போடும்போது, போன தடவை வந்த ஆளு போட்டதைப் பாத்து அப்படியே போட்டிருக்கீங்களா?"

அவர் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார். "ஒரே ஒரு தடவ" என்றார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அதனாலதான் இன்னமும் அந்தக் கட்டடத்துப் பக்கம் போனா படியேறிப் போறேன்."

மகள் போனைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் அக்கா பதினான்காம் எண் பேருந்தின் கடைசி நிறுத்தத்துக்குப் போனார். அங்கே ஒவ்வொரு நடைக்கும் இடையில் டிரைவருக்குப் பன்னிரண்டு நிமிட ஓய்வு. மற்றவர்கள் டீ குடிக்கிற நேரத்தில் இவர் புத்தகம் படிக்கிறார் என்று கட்டுப்பாட்டு அறையில் சொன்னார்கள். சொன்ன விதத்தில் குற்றச்சாட்டும் பெருமையும் பாதிக்குப் பாதி இருந்தது.

"உப்பு, உன்னைப் பாக்க டிவிக்காரங்க வந்திருக்காங்க" என்று ஒருவர் கத்தினார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அங்கே டிரைவருக்கு அதுதான் பெயர். "கூடப் பொறந்த சர்க்கரையையும் கூட்டிட்டு வந்தாங்களான்னு கேளு" என்றார் இன்னொருவர்.

டிரைவருக்கு நாற்பத்தைந்து இருக்கும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்காமலே பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினார். ஸ்டீயரிங்குக்கும் கண்ணாடிக்கும் இடையில் தலையணை தடிமனில் ஒரு ரோம வரலாறு கிடந்தது. அடையாளத்துக்குப் பழைய டிக்கெட் சுருள் செருகியிருந்தது.

"இதைப் படிச்சு முடிக்க எத்தனை நாள் ஆச்சு?" என்றார் அக்கா.

"இன்னும் முடிக்கல மேடம். பன்னெண்டு பன்னெண்டு நிமிஷமா எட்டு மாசமா படிக்கறேன். டிராஃபிக் ஜாஸ்தியா இருந்தா ஓய்வு கிடையாது. அந்தக் கணக்குல ரோம் ராஜ்ஜியம் விழறதுக்கு இன்னும் நாளாகும்."

சிப்பாய்ச் சம்பளம் பற்றிய பக்கத்தைக் காட்டினார். வருடத்தில் மூன்று தவணை, நாணயமாக. சாப்பாட்டுக்கும் துணிக்கும் பிடித்தம் போக மீதி. உப்பு என்ற பேச்சே இல்லை.

"அன்னிக்கு மேடையில ஏன் சொல்லல?"

"வாயத் திறந்தேன். அதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க. அத்தனை லைட்டு, அத்தனை பேரு கைதட்டறாங்க, அப்ப நான்தான் தப்பா படிச்சிருக்கேன் போலன்னு தோணிடுச்சு." டிக்கெட் சுருளை மறுபடி பக்கத்துக்குள் செருகினார். "ஞாயித்துக்கிழமை டிவியில பாத்துட்டு என் பொண்ணு கேட்டா, நீ சொன்னது தப்பாப்பான்னு. ஆமா, தப்புன்னுட்டேன். புத்தகத்தை மறுபடி பாத்தா தப்பா தெரியல. அவகிட்ட என்னன்னு போய்ச் சொல்றது? டிவியில சொன்னது பொய், அப்பா சொன்னதுதான் நிஜம்னா? எந்த அப்பாவும் அப்படித்தானே சொல்லுவான்."

மணி அடித்தது. பன்னிரண்டு நிமிடம் முடிந்துவிட்டது. கதவை மூடும் முன் அவர் கேட்டது ஒன்றுதான்: "நான் தப்புன்னா தப்புன்னே எழுதுங்க மேடம். பரவால்ல. ஆனா எழுதுங்க."

ஒரு புத்தகம் கிடைத்தது, அது டிரைவர் பக்கம். ஆனால் இரண்டு புத்தகம் வேண்டும் என்பது தனக்கும் சேர்த்துத்தான் என்பதில் அக்கா பிடிவாதமாக இருந்தார். புதன்கிழமை மதிய உணவு டப்பாவைத் திறக்காமலே நகர நூலகத்துக்கு ஓடினார். மஞ்சள் அட்டையின் கடைசிப் பக்கத்தில், இதிலுள்ள செய்திகள் ஒரு வார இதழில் துணுக்குகளாக வந்தவை என்று சிறிய எழுத்தில் இருந்தது. அந்த இதழின் பழைய தொகுதிகளைக் கட்டுக் கட்டாக ஒரு மேசையில் இறக்கிவைத்தார் நூலகர். தூசு பறந்தது. நான்காவது தொகுதியில் அகப்பட்டது: "ரோமப் படைவீரர்களுக்கு உப்பு வாங்கிக்கொள்ளப் பணம் தந்ததாகச் சிலர் கருதுகிறார்கள். சாலரி என்ற சொல் அதிலிருந்து வந்திருக்கலாம்."

அக்கா அதை நகலெடுத்து மஞ்சளுக்கும் நீலத்துக்கும் பக்கத்தில் வைத்தார். இதழில் சிலர் கருதினார்கள், கொடுத்தது பணம். மஞ்சளில் சிலரைக் காணோம், பணத்தைக் காணோம், உப்பு மட்டும் மிச்சம், அதுவும் ஒரு கைப்பிடி. நீலத்தில் அப்படியே. நிகழ்ச்சியின் அட்டையில் அது கேள்வியாகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு தலைமுறையும் ஒரு சந்தேகத்தைக் கழித்துக்கொண்டே வந்திருக்கிறது. கடைசித் தலைமுறையின் கீழே பச்சை மையில் தன் கையெழுத்து.

பல்கலைக்கழகத்தில் இலத்தீன் கற்பிக்கும் பேராசிரியை ஒருவர் இருப்பதாக நூலகர்தான் சொன்னார். அக்கா நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து போன் செய்தார். பேராசிரியைக்கு இந்தக் கேள்வி புதிதில்லை என்பது அவர் விட்ட பெருமூச்சிலேயே தெரிந்தது.

"வருஷத்துக்கு நாலு பேராவது கேக்கறாங்க. சொல்றேன், எழுதிக்குங்க. சிப்பாயோட சம்பளத்துக்கு அவங்க வெச்சிருந்த பேரு ஸ்டைபெண்டியம். அது காசு. சலாரியம்ங்கறது வேற, அது பின்னால வருது, அதிகாரிங்களுக்கும் மத்தவங்களுக்கும் கொடுத்த படி. அந்தச் சொல்லுல உப்பு இருக்கு, மறுக்கல. சல்னா உப்பு. ரோமாபுரி எழுத்தாளர் ஒருத்தரே அந்தப் பேரு உப்புலேர்ந்து வந்துதுன்னு சொல்றார். எப்படி வந்துதுன்னு அவர் விளக்கல."

"உப்பு வாங்கக் கொடுத்த பணம்னு போட்டிருக்காங்களே?"

"அது பின்னால வந்த அகராதிக்காரங்க ஊகம். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சம்பளத்தையே உப்பா அளந்து கொடுத்தாங்கன்றது ஊகத்து மேல இன்னொரு ஊகம். ஒரே ஒரு பழைய ஆவணம்கூட அப்படிச் சொல்லல. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, அத்தனை படைக்கும் உப்பு மூட்டை தூக்க இன்னொரு படை வேணும். அந்தப் படைக்கு எதைச் சம்பளமா கொடுக்கறது?"

அக்கா சிரித்துவிட்டார். பிறகு கேட்டார்: "நம்ம சம்பளம்? அதுலயும் உப்பு இருக்குன்னு சொல்றாங்களே?"

"அது என் பாடம் இல்லம்மா. ஆனா தமிழ்த் துறையில கேட்டா ரெண்டு கட்சி உண்டு. நெல்லும் உப்பும்னு ஒரு கட்சி. வழிச்செலவுக்குக் கட்டிக் கொடுக்கற சாப்பாட்டைச் சொல்ற ஒரு வடசொல்லுன்னு இன்னொரு கட்சி. எது சரின்னு எனக்கு முன்னாடி அவங்க முடிவு பண்ணட்டும்."

"நீங்க சொன்னதையெல்லாம் எழுத்துல தர முடியுமா?"

"சாயங்காலத்துக்குள்ள அனுப்பறேன். ஆதார நூல் ரெண்டு பேரு போடறேன், போதுமா?"

"ஒண்ணைப் பாத்து ஒண்ணு எழுதாத ரெண்டா இருக்கணும்."

எதிர்முனையில் சிரிப்பு. "நீங்க எங்க வேலை பாக்கறீங்கன்னு சொன்னீங்க?"

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு அக்காவும் கொக்கியும் தயாரிப்பாளர் அறையில் நின்றார்கள். தயாரிப்பாளருக்கு முப்பத்தாறு வயது. இரண்டு போன், ஒன்றில் பேசும்போது மற்றதில் தட்டச்சு செய்வார். மேசையில் அக்கா வைத்த தாள்களை வரிசையாகப் பார்த்தார். கடிதம், மூன்று நகல்கள், பேராசிரியையின் இரண்டு பக்கக் குறிப்பு, டிரைவர் புத்தகத்தின் படம்.

"அக்கா, நாளைக்கு ஷூட்டிங். இன்னிக்கு வந்து ரோமைத் தோண்டி மேசை மேல போடறீங்க."

"திங்கக்கிழமையே தோண்ட ஆரம்பிச்சேன். கீழ போகப் போகத்தான் தெரிஞ்சுது."

"சாலரி உப்புலேர்ந்து வந்ததுன்னு எல்லா இங்கிலீஷ் அகராதியிலயும் இருக்கு. நான் இப்பவே பாத்தேன்."

"வார்த்தை உப்புலேர்ந்து வந்துது. நம்ம கேள்வி வார்த்தையைக் கேக்கல. சிப்பாய் கையில என்ன கொடுத்தாங்கன்னு கேட்டுது. அதுக்கு டிரைவர் சொன்னதுதான் பதில்."

தயாரிப்பாளர் கொக்கியைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

கொக்கிக்கு இந்த ஆண்டு ஏற்கெனவே இரண்டு பிழை. அவர் ஜன்னலைப் பார்த்தார், தாள்களைப் பார்த்தார், கடைசியில் அக்காவைப் பார்த்தார். "நான் மஞ்சளைப் பாத்துத்தான் எழுதினேன். அக்காவும் திரும்ப அதையேதான் பாத்தாங்க. ஒரு கிணத்துக்குள்ள ரெண்டு பேரும் எட்டிப் பாத்திருக்கோம்" என்றார்.

"டீச்சர் புதுக் கண்ணாடியே வாங்கிட்டாங்க, மேடையில நல்லா தெரியணும்னு. அவங்களை எப்படி வேண்டாம்னு சொல்றது?"

"அவங்களை யார் வேண்டாம்னா? விதியில சேக்கணும்னுதான் இருக்கு. நீக்கணும்னு இல்ல."

"மூணு மேசைதான் இருக்கு அரங்கத்துல."

"தச்சரைக் கேட்டேன். பழைய செட்டுல ஒண்ணு கிடக்காம். பெயின்ட் அடிக்கணும், அவ்வளவுதான்."

தயாரிப்பாளர் ஒரு போனைக் கவிழ்த்து வைத்தார். இன்னொன்றையும் கவிழ்த்தார். "தச்சர்கிட்டயும் கேட்டாச்சு. அப்ப என்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

"மூணாவது கையெழுத்துக்கு."

அவர் சிரிக்கவில்லை. "மொதல்லயே சொல்லிடறேன், இது உங்க கணக்குல ஏறும். கான்ட்ராக்ட் ஃபைல் இங்கதான் இருக்கு. நிர்வாகத்துக்கு நான் என்ன சொன்னாலும் அவங்க ஏட்டைத்தான் பாப்பாங்க."

"பாக்கட்டும். அதுக்குத்தானே ஏடு."

பிழை ஏடு வந்தது. தேனீக்குப் பின்னால் ஒரு பக்கம் காலியாக இருந்தது. அக்கா தன் கையாலேயே எழுதினார்: கேள்வி பிழை. விடை பிழை. இரண்டு ஆதாரங்களும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. சரிபார்த்தவர் அதைப் பார்க்கத் தவறிவிட்டார். கையெழுத்திட்டார். கொக்கி கையை நீட்டினார்.

"உங்க பேனாவையே கொடுங்கக்கா. பச்சையா இருந்தா தப்பு மாதிரி தெரியாது."

தயாரிப்பாளர் கடைசியாகக் கையெழுத்திட்டார். ஏட்டை மூடாமல் அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தார். "இனிமே அட்டைக்குப் பின்னால மூணாவதா ஒரு வரி போடுங்க. எந்தப் புக்கு எதைப் பாத்து எழுதினதுன்னு" என்றார்.

"எல்லா அட்டைக்கும்னா நேரம் ஆகும்."

"ஆகட்டும்."

அக்கா தன் மேசைக்குத் திரும்பி டிப்போவுக்குப் போன் செய்தார். கட்டுப்பாட்டாளர் எடுத்தார்.

"யாரு, உப்பா? வண்டியில இருக்கார். அஞ்சேகாலுக்கு வருவார்."

"வந்ததும் சொல்லுங்க. அவர் சொன்ன பதில் சரி. நாங்கதான் தப்பு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஸ்டுடியோவுக்கு வரணும், இறுதிச் சுற்றுல அவரும் உண்டு."

பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்த இன்ஜினை நிறுத்தச் சொல்லிக் கட்டுப்பாட்டாளர் யாரையோ அதட்டினார்.

"நிஜமாவா?"

"எழுத்துல வேணும்னா அனுப்பறேன். அவர் பொண்ணுக்கும் ஒரு நகல் அனுப்பறேன்."

"அப்ப இனிமே அவரை நாங்க என்னன்னு கூப்பிடறது?"

"அது உங்க பாடு."

கட்டுப்பாட்டாளர் போனை வைக்காமலே யாரிடமோ கத்துவது கேட்டது. நாளைக் காலை டூட்டி அட்டவணையைக் கொண்டுவா என்றார். இன்னொருவர் லீவு யாருக்கு என்று கேட்டார். நம்ம ஆளுக்கு என்று பதில் வந்தது.

ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குப் பதிலாக ஆறு மாதத்துக்குப் புதுப்பிக்கப்பட்டிருப்பதாக அன்று மாலை ஐந்து மணிக்கு நிர்வாகத்திலிருந்து அக்காவுக்குக் கடிதம் வந்தது. தேதியையும் கிழமையையும் ஒத்துப்பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

டிப்போவில் மாற்றி எழுதிய அட்டவணைப்படி, வெள்ளிக்கிழமை காலை ஒன்பது நாற்பது நடையில் பதினான்காம் எண் பேருந்தைக் கட்டுப்பாட்டாளரே ஓட்டுகிறார். டிரைவர் அதில் பயணியாக ஏறி, தொலைக்காட்சி நிலைய நிறுத்தத்தில் இறங்குவார்.